மலைப்பக்கம், கடல்பக்கம்

முழங்கால் இரண்டிலும் மகள் ஒட்டிவிட்ட பிளாஸ்திரி கற்பூர வாடை அடிக்கிறது. இந்த நாட்டுச் சரக்கு. முதலில் குளுகுளுவென்று இருக்கிறது, பிறகு சுருசுருவென்று இழுக்கிறது. அந்த வாடையோடு ஜன்னலோரம் உட்கார்ந்துதான் உங்களுக்கு எழுதுகிறேன். ஜப்பானில், கோபேயில் இருந்து எழுதுகிறேன் என்றால் நம்புவீர்களா? நீங்கள் எனக்குத் தெருத் தெருவாகச் சொன்ன அதே கோபேதான். நேற்று அந்த மேட்டுத் தெருவில் ஏறினேன். முழங்கால் போயிற்று. ஆனால் போன இடத்தில் உங்களைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போய்ச் சேர்ந்துவிட்டோம், இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று நிம்மதியாக இருக்காதீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் என்னை விக்கிரமங்கலத்தில் இருந்து உங்களுக்குக் கட்டிக்கொடுத்தபோது, மாப்பிள்ளைக்குக் கப்பலில் உத்தியோகம் என்றுதான் சொன்னார்கள். சரக்குக் கப்பலில் பண்டாரி, அதாவது சமையல்காரர், என்பது பெரம்பலூரில் குடித்தனம் வைத்த பிறகு நீங்களே சிரித்துக்கொண்டு சொன்னது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வருடத்தில் பெரும்பகுதி கடலில் இருப்பீர்கள். மிச்ச நாளில் வீட்டில் இருந்து எனக்கு அடுப்பை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள். நீங்கள் வந்தால் அக்கம்பக்கமெல்லாம் கூடும். எத்தனையோ துறைமுகம் பார்த்தவர், மற்ற ஊரையெல்லாம் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவீர்கள். கோபே என்று வந்தால் மட்டும் வாய் ஓயாது. உங்கள் கப்பல் அங்கேதான் நாள்கணக்கில் நிற்குமாம்.

"கரையில செவப்பா ஒரு கோபுரம் நிக்கும். உடுக்கைய நிமித்தி வெச்ச மாதிரி, நடுவுல சிறுத்து" என்று ஆரம்பிப்பீர்கள். "அதுலேருந்து மலைப்பக்கமா நடந்தா ஒரு கடைத்தெரு. தெரு முழுக்கக் கூரை போட்டுருக்கான். மழை பேஞ்சாலும் ஒரு சொட்டு மேல வுழாது. அந்தத் தெருவுக்குக் கடல்பக்கமா சீனாக்காரங்க தெரு. ஆவி பறக்கப் பறக்க கொழுக்கட்டை. அதத் தாண்டி நேரா மலையப் பாத்து ஒரு ரோடு போவுது. ரெண்டு பக்கமும் தொப்பிக் கடை, தையக் கடை. உச்சியில வெள்ளைக்காரங்க கட்டுன பழைய வூடுங்க. ஒரு வூட்டுக் கூரை மேல இரும்புச் சேவல் ஒண்ணு காத்தடிக்கிற பக்கம் திரும்பிக்கிட்டே இருக்கும்."

கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். நான் பிளக்கவில்லை. சமையல்காரருக்கு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவா தெரியாது?

முதலில் உறுத்தியது அந்த மலைப்பக்கம், கடல்பக்கம்தான். நம் ஊரில் பிறந்தவன் மேற்கால, கெழக்கால என்றுதான் பேசுவான். நீங்களும் கல்யாணமான புதிதில் அப்படித்தான் பேசினீர்கள். அப்புறம் ஒரு தடவை வந்தபோது, "தேங்காத் துருவி அலமாரியில மலைப்பக்கமா இருக்கு பாரு" என்றீர்கள். பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை இருக்கிறது, சரி. கடலுக்கு எங்கே போவது? கேட்டதற்கு, "கோபேக்காரங்க அப்படித்தான் பேசுவாங்க. வடக்கு தெக்கெல்லாம் கெடையாது" என்றீர்கள். மறுபடி நீங்கள் கப்பல் ஏறி இறங்கும்வரை எனக்கு அதே நினைப்பு. சாமான் வாங்கப் போகிறவனுக்குப் பேச்சு ஒட்டாது. யாரோடோ புழங்கினால்தான் ஒட்டும். யாரோடு?

அடுத்தது அந்த ரொட்டிக் கடைக்காரி. மலையைப் பார்த்துப் போகிற ரோட்டுக்குத் திரும்புகிற முனையில் கடையாம். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி, குனிந்து, இரண்டு கையாலும் கொடுப்பாளாம். நெற்றியில் முடி விழுந்தால் புறங்கையால் தள்ளிக்கொள்வாளாம். எனக்கு இரண்டு கையாலும் சோறு போட்டதை என்றைக்காவது இத்தனை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறீர்களா என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவதுதான் பெரிய சாட்சி. உங்கள் பூட்ஸ். பம்பாயில் வாங்கியது. ஊர் ஊராக நடந்தேன் என்கிற மனிதருடைய பூட்ஸின் அடி, கடையில் வாங்கிய மாதிரியே தேயாமல் இருந்தது. நீங்கள் குளிக்கப் போன நேரத்தில் கவிழ்த்துப் பார்த்தேன். அந்த ஊரில் வீட்டுக்குள் போகும்போது செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உள்ளே போட்டுக்கொள்ள வேறு செருப்பு கொடுப்பார்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். நான் கணக்குப் போட்டேன். இந்த மனிதருக்கு இன்னொரு ஜோடி யாரோ ஒருத்தி வீட்டு வாசலில் கிடக்கிறது.

என்னைச் சந்தேகப் பிராணி என்று யாரும் சொல்லிவிட முடியாது. எங்கள் பெரியம்மா புருஷன் மலேயாவுக்குப் போனவர். காசு வந்தது, கடுதாசி வந்தது, பிறகு இரண்டும் நின்றது. அங்கே ஒரு குடும்பம் ஆகிவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். பெரியம்மா சாகிறவரை பொட்டை அழிக்கவும் முடியாமல், நல்ல காரியத்தில் முன்னால் நிற்கவும் கூசிப்போய் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். நீங்கள் ஒவ்வொரு தடவையும் அரியலூர் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது, கைக்குழந்தையோடு பிளாட்பாரத்தில் நின்று நான் நினைத்ததெல்லாம் அதுதான். அடுத்த தடவை இந்த மனுஷன் வராமல் போனால் நானும் பெரியம்மாதான்.

அதனால்தான் விசாரித்தேன். என் அப்பா மாட்டுச் சந்தையில், "வாயில சொல்றத வுடு, பல்லப் புடிச்சுப் பாரு" என்பார். உங்களைப் பல்லைப் பிடித்துப் பார்த்தேன். நீங்கள் வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும்போது, "அந்தக் கூரைத் தெரு முடியிற எடத்துல என்ன கடைன்னீங்க?" என்பேன். போன தடவை சொன்னதும் இந்தத் தடவை சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். தலைகீழாகக் கேட்பேன், சேவல் வீட்டில் இருந்து கோபுரத்துக்கு இறங்கி வரச் சொல்வேன். ஒரு கடை மாறவில்லை, ஒரு சந்து மாறவில்லை. அதுவே எனக்குக் கூடுதல் சந்தேகம். உண்மை சொல்கிறவன் அங்கே இங்கே தடுமாறுவான். பாடம் பண்ணினவன்தான் தடுமாற மாட்டான்.

நீங்களோ என் கேள்வி ஒவ்வொன்றுக்கும் முகம் மலர்வீர்கள். "இரு, சொல்றேன்" என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்வீர்கள். திருடனுக்கு இத்தனை உற்சாகமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை. மறுபடி நீங்கள் கப்பலுக்குக் கிளம்ப நாள் நெருங்கிவிட்டது. சிறுவாச்சூருக்குப் போய்வரலாம் என்று கூட்டிப்போனேன். கோயில் வெள்ளியும் திங்களும்தான் திறந்திருக்கும். காளியம்மன் சன்னதியில் எதிரும் புதிருமானவர்கள் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டுப் போவதை இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். கும்பிட்டு முடித்ததும் ஒரு ஓரமாகக் கற்பூரத்தை ஏற்றிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

"என்ன புள்ள இது?"

"கோபேயில உங்களுக்கு எவ தொடுப்பும் இல்லைன்னு இத அணைங்க."

சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னை ஒரு நிமிடம் பார்த்தீர்கள். பிறகு உள்ளங்கையால் பட்டென்று அடித்து அணைத்தீர்கள். கை சுட்டிருக்கும், முகம் கோணவில்லை. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிப்போனது. அத்தோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். பல்லைப் பிடித்துப் பார்க்கிற புத்தி விடவில்லை. இன்னொரு கற்பூரத்தை எடுத்து ஏற்றினேன்.

"அந்தத் தெருவுல எல்லாம் நீங்க ஒத்தையாத்தான் நடந்தீங்கன்னு இதையும் அணைங்க."

கை நீண்டது. பாதியில் நின்றது.

"அது எதுக்கு இப்ப?"

"அணைங்க."

"அதான் ஒண்ணு அணைச்சாச்சுல்ல. சாமிகிட்ட சும்மா சும்மா வெளையாடக் கூடாது. வா, பஸ் வந்துரும்."

கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது. பஸ்ஸில் நீங்கள் வாங்கிக்கொடுத்த வேர்க்கடலையை நான் கையில்கூட வாங்கவில்லை. குழந்தைதான் தின்றுகொண்டு வந்தது.

அன்றைக்கு விழுந்தது முடிச்சு. தொடுப்பு இல்லை, சரி. ஆனால் கூட ஒருத்தி நடந்திருக்கிறாள். ரொட்டிக்காரியோ, வேறு யாரோ. கையைத் தொட்டாளோ இல்லையோ, உங்களுக்கு மலைப்பக்கம் கடல்பக்கம் சொல்லிக்கொடுத்து, சேவலைக் காட்டிச் சிரித்தவள் ஒருத்தி இருக்கிறாள். சொல்லப்போனால் அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. நாம் இரண்டு பேரும் பெரம்பலூர்க் கடைவீதியில்கூட ஒன்றாக நடந்ததில்லை. நீங்கள் முன்னால் போவீர்கள், நான் பின்னால் வருவேன்.

பிறகு நீங்கள் கப்பலை விட்டீர்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் மெஸ் வைத்தோம். "மலைப்பக்கத்து டேபிளுக்கு ரெண்டு தோசை" என்று நீங்கள் குரல் கொடுக்க, ஊர்க்காரர்களும் அப்படியே பழகிக்கொண்டார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் அவள் ஞாபகம்தான் வரும். கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தீர்களே, அப்போதுகூடக் கேட்க வாய் வரை வந்தது. மகள் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு நீங்கள் உலகத்தை நடந்தே அளந்த அப்பா. கேட்காமல் விட்டேன்.

உங்கள் கதையைத் தின்று வளர்ந்தவள்தானே, படித்து முடித்து இந்த ஊரிலேயே வேலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். என்னையும் இப்போது வரவழைத்திருக்கிறாள். நேற்று காலை செல்போனில் மேப்பை விரித்துக்கொண்டு கிளம்பினாள்.

"அத உள்ள வையி. கூரைத் தெரு வரட்டும், நான் சொல்றேன்" என்றேன்.

சிவப்புக் கோபுரம் நின்றது, உடுக்கை மாதிரியே. கூரைத் தெரு வந்தது. கடைகள் மாறியிருந்தன, தெரு மாறவில்லை. கடல்பக்கம் சீனத் தெருவில் ஆவி பறந்தது. மலையைப் பார்த்து ரோடு போயிற்று. நான் முன்னால் நடக்க, மகள் வாயில் கை வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். எதிரில் வந்த என் வயதுக் கிழவிகளையெல்லாம் ஏற இறங்கப் பார்த்தேன். ஒருத்தி சிரித்துத் தலை குனிந்தாள். இவளாக இருக்குமோ? நானும் குனிந்து வைத்தேன், உள்ளுக்குள் கறுவிக்கொண்டே.

அப்புறம் மேடு ஆரம்பித்தது. ஐயோ, என்ன மேடு! ரோடா அது, சுவரில் சாய்த்த ஏணி. பாதி ஏறுவதற்குள் நெஞ்சு அடைத்தது, முழங்கால் கழன்றது. ஒரு பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டு, தண்ணீரும் பிளாஸ்திரியும் வாங்க மகள் கீழே போனாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டே உங்களைத் திட்டினேன். இவ்வளவு செங்குத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அப்போதுதான் சுருக்கென்றது. நீங்கள் சொல்லவே இல்லை. ஒரு தடவைகூட. இத்தனை வருட விசாரணையில், நேராகவும் தலைகீழாகவும் சொன்னதில், ஒரே ஒரு முறைகூட உங்களுக்குக் கால் வலித்ததில்லை, வேர்த்ததில்லை, உட்கார்ந்ததில்லை. திருச்சி மலைக்கோட்டை ஏறிவிட்டு வந்து ஒரு வாரம் முட்டியைத் தேய்த்துக்கொண்டு முனகியவர் நீங்கள்! திரும்பிப் பார்த்தேன். கீழே துறைமுகம் தெரிந்தது. அங்கே ஒரு கப்பலின் மேல்தட்டில் நின்று பார்க்கிறவனுக்கு இந்த மேடு மேடாகத் தெரியாது. அடுக்கி வைத்த வீடுகளாகத்தான் தெரியும். முன்னால் மலைப்பக்கம், முதுகுக்குப் பின்னால் கடல்பக்கம்.

கப்பலில் உங்களுக்குக் கையாளாக இருந்த எறையூர்த் தம்பிக்கு அங்கேயே இருந்து போன் போட்டேன். நல்ல வேளை, எடுத்தார்.

"தம்பி, உங்க அண்ணன் கோபேயில எறங்கி நடந்தாரா இல்லியா?"

"இப்ப எதுக்கு அண்ணி அதெல்லாம்?"

"நான் அந்த மேட்டுலதான் உக்காந்துருக்கேன். சொல்லுங்க."

"எறங்குனதே இல்லீங்க அண்ணி. கோபேன்னு இல்ல, எந்த ஊர்லயும். மொத வருசம் எங்கியோ ஒரு தடவ கரைக்குப் போயிட்டுத் திரும்பி வந்துருக்காரு, கப்பலக் காணும். தொறமொகத்துலயே வேற மேடைக்கு மாத்திக் கட்டியிருக்காங்க, அவ்ளோதான். அண்ணனுக்கு அது தெரியல. வுட்டுட்டுப் போயிட்டாங்கன்னு தரையில உக்காந்து அழுதுருக்காரு. பாஷையும் தெரியாது, யாரக் கேக்குறதுன்னும் தெரியாது. அதுக்கப்பறம் கரைக்கு எறங்குற கப்பல் ஏணியில கால வெக்கல. கூப்புட்டா, 'இது என்ன துறையூர் பஸ்ஸா, போனா அடுத்தது வர்றதுக்கு'ம்பாரு."

"அப்ப அந்தத் தெருவெல்லாம்? ரொட்டிக்காரி?"

"அதெல்லாம் நாங்க பாத்ததுங்க. மலைப்பக்கம், கடல்பக்கமெல்லாம் ஏணிக் காவலுக்கு வர்ற ஜப்பான் பெரியவரு கைய நீட்டி நீட்டிச் சொல்லிக் குடுத்தது. நாங்க சுத்திட்டு வந்தா அண்ணன் ஒடனே சோறு போட மாட்டாரு. எந்தத் தெருவுல போனீங்க, மொனையில என்ன கடை, அந்தம்மா எப்படிக் குடுத்துச்சு, எல்லாம் ஒப்பிக்கணும். ஒண்ண வுட்டுட்டா வெரட்டுவாரு. 'நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுடா, எங்க வூட்ல கேக்கும்'பாரு. நீங்க ஆசையா கேப்பீங்களாமே அண்ணி. எங்ககிட்ட அத்தன பெருமையா சொல்லுவாரு."

போனை வைத்துவிட்டு அழுதேன். தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அழுதேன். நான் குறுக்குக் கேள்வி கேட்கக் கேட்க, நீங்கள் ஆசையில் கேட்கிறாள் என்றல்லவா கத்தியைக் கீழே வைத்திருக்கிறீர்கள்! அடுத்த பயணத்தில் மற்றவர்களைப் பட்டினி போட்டு எனக்குத் தெருக்கள் சேர்த்திருக்கிறீர்கள். காளி முன்னால் கை நின்றதும் அதனால்தான். நடக்காத மனிதர் எப்படி ஒத்தையாக நடந்தேன் என்று அணைப்பார்?

சந்தேகப்பட்டதற்கு நான் வருத்தப்படவில்லை, தெரிந்துகொள்ளுங்கள். பொய் இருந்தது. மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. "பயமா இருந்துச்சு புள்ள" என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போயிருப்பீர்கள்? அங்கே நீங்கள் தரையில் உட்கார்ந்து அழுததும், இங்கே அரியலூர் பிளாட்பாரத்தில் நான் குழந்தையைக் கட்டிக்கொண்டு நின்றதும் ஒரே பயம்தானே. விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்கிற பயம். உங்களிடம் நானாவது சொல்லியிருக்கலாம்.

இப்போது புதிதாக ஒரு சந்தேகம் வேறு வந்து உட்கார்ந்திருக்கிறது. சிறுவாச்சூருக்குப் பிறகாவது நான் கேட்பது ஆசையில் இல்லை என்று உங்களுக்குப் புரிந்திருக்காதா? புரிந்துமா அத்தனை வருடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்? ஒருவேளை, எந்தக் காரணத்துக்காகவாவது இவள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டீர்களா? இதற்கு எறையூர்த் தம்பியிடமும் பதில் இருக்காது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மகள் வந்துவிட்டாள். முட்டியில் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டே தெருவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா இந்தத் தெருவுலதானேம்மா நடப்பாரு?"

"இங்கதான்."

"எந்த வூட்டு முன்னால நின்னு பாப்பாரு? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

நான் யோசிக்கவே இல்லை. எதிரில் இருந்த ஒரு வீட்டைக் கைகாட்டினேன். இத்தனை வயதுக்கு மேல் அவள் குழந்தை மாதிரி ஓடிப்போய் அதன் வாசலில் நின்றாள். சுற்றுச்சுவரைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றாள்.

அந்த வீட்டை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டிருக்கிறேன். பச்சைக் கதவு, வலது பக்கம் உடைந்த ஒரு பூந்தொட்டி, மாடி ஜன்னலில் பூப்போட்ட திரை, பக்கத்தில் கீழே இறங்குகிற கல்படி. எழுந்து நடக்கும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், இப்போது எழுதும்போதும் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்றுகூட மாறக் கூடாது. அவள் என் வயிற்றில் பிறந்தவள், திரும்பத் திரும்பக் கேட்பாள்.